இருபத்தேழாம் நம்பர் டியூபும் ஆனைமலை மிளகாயும்

பழனாத்தாளுக்கு யார்மேலாவது கோபம் என்றால், அது முதலில் டீயில்தான் தெரியும். இஞ்சி தட்டிப் போடாமல், பக்கத்தில் ஒரு முறுக்கும் வைக்காமல், வெறும் டீ மேசைக்கு வந்தால் அந்த ஆள் என்னமோ செய்துவிட்டார் என்று அர்த்தம். அந்த மார்கழியில் ஒன்பது நாளாக வெறும் டீ குடித்துக்கொண்டிருந்தவன் வம்சி. பாவம், அவனுக்குக் காரணம் தெரியாது. மார்க்கெட்டில் இஞ்சி வரத்துக் குறைவு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, கொடுத்ததைக் குடித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தான்.

கோயமுத்தூருக்கு மேற்கே மலையைப் பார்த்தாற்போல் இருக்கும் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் பழனாத்தாள் லேப் அட்டெண்டர். வயது ஐம்பத்துமூன்று. வீடு நகரத்துக்குள், கணபதி ஏரியாவில். வீட்டின் முன்பக்கமே பட்டறை. கணவர் நஞ்சுண்டன் அங்கே பம்புக்கு ஷாஃப்ட் கடைவார். இரும்புச் சத்தத்தில் பேசிப் பேசி இருவருக்கும் தொண்டை பெரிசு. அவர்கள் கொஞ்சிக்கொண்டால்கூட மூன்றாவது வீட்டுக்குச் சண்டை மாதிரிதான் கேட்கும்.

லேபுக்கு வருவதற்கு முன்னால் பதினெட்டு வருஷம் நூல் மில்லில் இருந்தாள். நானூறு பெண்கள், எல்லாருக்கும் ஒரே நீலக் கோட்டு, தலையில் ஒரே துணி, முகத்தில் ஒரே பஞ்சு. சூப்பர்வைசருக்கு ஒருத்தி பேரும் தெரியாது. "ஏய் நீலக்கோட்டு!" என்று கூப்பிட்டால் பக்கத்தில் இருக்கிற பன்னிரண்டு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். எவளோ நூலை அறுத்துவிட்டுப் போக, பழனாத்தாள் திட்டு வாங்கியிருக்கிறாள். பழனாத்தாள் ஓடி ஓடி முடிச்சுப் போட்டதற்கு எவளோ பாராட்டு வாங்கியிருக்கிறாள். மில்லை மூடினபோது மற்றவர்கள் அழுதார்கள். இவள் கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, "இனியாச்சும் என்ற பேரைச் சொல்லி எவனாச்சும் கூப்புடுவான்" என்றாளாம்.

லேபில் எல்லாரும் பேர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். பழனாக்கா! கண்ணாடிச் சாமான் கழுவுவது, பாக்டீரியாவுக்குக் கூழ் காய்ச்சித் தட்டில் ஊற்றி வைப்பது, வேண்டாத தட்டுகளை ஆட்டோகிளேவில் போட்டு வேக வைப்பது எல்லாம் அவள் சோலி. ஆட்டோகிளேவ் என்றால் வேறொன்றுமில்லை, இடுப்பு உயரத்துக்கு ஒரு குக்கர். இதற்கெல்லாம் மேலே, கோல்டு ரூமின் சாவி அவள் இடுப்பில் இருந்தது. ஐந்து டிகிரிக் குளிரில் வருஷம் முழுக்க ஓடும் அறை அது. பதினோரு வருஷத்தில் அந்த அறையில் ஒரு டியூப் தொலைந்ததில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்கிற முன்பின் தெரியாத ஆளிடம்கூட அதைச் சொல்லுவாள்.

வருஷத்தில் ஒரு நாள் லேப் முழுக்க அவள் ராஜ்ஜியம். அதுதான் ஆயுத பூசை. கணபதியில் பட்டறை வைத்திருக்கிற வீட்டுக்காரிக்குத் தீபாவளியைவிட அதுதான் பெரிய நோம்பி. ஃப்ரீஸர், சென்ட்ரிஃப்யூஜ், மைக்ராஸ்கோப் எதுவும் சந்தனம் குங்குமத்துக்குத் தப்பாது. சரஸ்வதி படத்துக்கு முன்னால் தட்டம் வைத்து, லேபில் இருக்கிற சாமான் ஒவ்வொன்றிலும் ஒன்று வைப்பாள்: ஒரு பிப்பெட், ஒரு புத்தகம், பாக்டீரியா டியூப் ஒன்று. மறுநாள் எடுத்து அதது இருந்த இடத்தில் வைத்துவிடுவாள். பூசை செய்த பூவும் வெற்றிலையும் சந்தனமும் மட்டும் குப்பைக்குப் போகக்கூடாது, ஓடுகிற தண்ணீரில்தான் விட வேண்டும். சாக்கடையாகிப்போன நொய்யலில் விட அவளுக்கு மனசு வராது. ஆகவே ஒரு மூடி போட்ட போசியில் அள்ளிப்போட்டு, டீக்குப் பால் வைக்கிற குட்டி ஃபிரிட்ஜின் பின்மூலையில் தள்ளி வைத்துவிடுவாள். எப்போது ஆனைமலைக்குப் போகிறாளோ அப்போது ஆழியாற்றில் விடுவாள். சாமி சமாச்சாரம் என்பதால் அந்தப் போசியை வேறு யாரும் தொடமாட்டார்கள்.

இனி சேறு வந்த கதை. போன வருஷம் சித்திரையில் பேராசிரியர் கீதாவுக்கு ஐஸ் பெட்டியில் ஒரு பார்சல் வந்தது. பிரித்தால் உள்ளே சாம்பல் நிறத்தில் சேறு. நார்வேக்கும் வடக்கே, துருவத்துக்குப் பக்கத்தில், கடலுக்கடியில் இருந்து தோண்டியதாம். பழனாத்தாள் எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங் மேடம், இத்தன தொலவுல இருந்து சேத்தையா வரவெச்சீங்க? நம்ம சிங்காநல்லூர்க் கொளத்துல இல்லாத சேறுங்களா?"

கீதா சிரித்துக்கொண்டே சொன்னார். "இதுல இருக்கற பாக்டீரியா வெயிலயே பாத்ததில்லீங்க்கா. அங்க இருட்டு, குளுரு, சாப்பாடும் கம்மி. பக்கத்துல இருக்கறத வெரட்டுனாத்தான் பொழப்பு. அதுக்காக ஒவ்வொண்ணும் ஒரு சரக்கு சுரக்கும். அந்தச் சரக்குல ஏதாச்சும் ஒண்ணு நமக்கு மருந்தாகலாம்."

அந்தச் சேற்றைக் கையில் எடுத்தவள் நந்திதா. ஈரோட்டு மஞ்சள் மண்டிக்காரர் மகள். கீதாவிடம் மூன்றாம் வருஷ ஆராய்ச்சி மாணவி. வாய் ஓயாமல் பேசுவாள். அவள் பேச்சு வேகத்துக்கும் அந்தப் பாக்டீரியாவின் வேகத்துக்கும் கொஞ்சமும் பொருத்தமில்லை. நம்மூர்ப் பாக்டீரியா என்றால் இன்று தடவினால் நாளை தட்டு நிறைந்து நிற்கும். இதுகள் நாலு வாரம் சும்மா இருந்துவிட்டு, ஐந்தாவது வாரம் கடுகளவுக்குத் தலை காட்டின. ஆறு மாசம் பாடுபட்டு அறுபத்துநாலு பிரித்தெடுத்தாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தட்டு, ஒரு டியூப், ஒரு நம்பர்.

அறுபத்துநாலில் பத்தொன்பது அச்சு அசலாய் ஒரே மாதிரி. வெள்ளை வெளேரென்று, திருநீறு தூவினாற்போல். கீதா ஒவ்வொன்றாய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் ஒண்ணேதான் போலிருக்கு. ஒண்ணே ஒண்ண வெச்சுட்டு மீதியப் போட்டுரலாம், எடமில்ல" என்றார். நந்திதா கெஞ்சினாள். தட்டுகள் போகட்டும், டியூப் மட்டும் பொங்கல் வரைக்கும் இருக்கட்டும் என்று முடிவாயிற்று. போகிற தட்டு ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சிட்டிகை எடுத்து டிஎன்ஏ பிரித்து வைத்துக்கொண்டாள். பிறகு தட்டுகளைப் பழனாத்தாள் வாங்கிக்கொண்டு போய் வேகவைத்தாள்.

மார்கழி பிறந்து நாலாம் நாள் நந்திதா லேபுக்குள் ஓடிவந்தாள். கழுவிக்கொண்டிருந்த பழனாத்தாளின் ஈரக் கையைப் பிடித்துக் குதித்தாள்.

"பழனாக்கா! பத்தொம்போதும் ஒண்ணு இல்லீங்க்கா! ஏழு வகை இருக்குது! பாக்கத்தான் ஒரே மாதிரி, உள்ள சரக்குப் பண்ற ஜீனு வேற வேற. அதுல இருபத்தேழாம் நம்பர் இருக்குதே, அதோட ஜீனு மாதிரி ஒலகத்துல எந்தப் பட்டியல்லயும் இல்லீங்க்கா. தேடித் தேடிப் பாத்துட்டேன்!"

"அட சாமி! அப்பறம் என்ன, அதுல இருந்து மருந்து எடுத்துப்போட வேண்டீதுதான?"

"ஜீனு எழுத்து மட்டுந்தானுங்க்கா இப்பக் கையில இருக்குது. சரக்கு சுரக்கறதுக்கு உசுரோட பாக்டீரியா வேணும். வாங்க, டியூபை எடுக்கலாம்."

இருவரும் கோல்டு ரூமுக்குப் போனார்கள். பழனாத்தாள்தான் பூட்டைத் திறந்தாள். இருபத்தாறு இருந்தது, இருபத்தெட்டு இருந்தது. நடுவில் ஓட்டை.

தட்டு வெந்து போயாயிற்று. சேறும் தீர்ந்துபோயிற்று, அடுத்த கப்பல் போய் அள்ளி வர ஒரு வருஷமாகும், அள்ளினாலும் அதில் இருபத்தேழு இருக்கும் என்று எவர் எழுதிக் கொடுப்பார்? மூன்று வருஷப் படிப்பின் முதல் நல்ல செய்தி அது. நந்திதா அழவில்லை, கத்தவில்லை. வாயாடிப் பெண் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, "பரவால்லீங்க்கா, நாந்தான் எங்கயாச்சும் வெச்சிருப்பேன்" என்று மெதுவாகச் சொன்னாள். நாலு அறை அறைந்திருந்தால்கூடப் பழனாத்தாளுக்கு அவ்வளவு வலித்திருக்காது. சாவி யார் இடுப்பில் இருக்கிறது? கையை மீறிப் போனது யார் பொறுப்பு? அன்றைக்கு மத்தியானம் அரிசிம்பருப்புச் சோற்றுத் தூக்கை அவள் திறக்கவே இல்லை.

மூன்று நாள் தேடினார்கள். ரேக்குகளை இறக்கி, ஃப்ரீஸரைக் காலி செய்து, மேசைக்கடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார்கள். நாலாம் நாள் பழனாத்தாள் தேடுவதை விட்டுவிட்டு யோசிக்க ஆரம்பித்தாள். அங்கேதான் வினை. அவள் யோசித்தால் ஒரு முடிவுக்கு வராமல் விடமாட்டாள்.

வம்சி பக்கத்து லேப். பீளமேட்டுப் பையன், கோல்டு ரூம் அலமாரியில் அவனுக்கும் ஓர் அடுக்கு உண்டு. ஐப்பசி மாசம் ஒருநாள் அவனே வந்து கேட்டான்: "அக்கா, இந்த வெள்ள டியூபெல்லாம் வேஸ்ட்டுத்தானுங்களே? ரேக்கக் குடுத்தீங்கன்னா எனக்கு ஆகும்." கேட்டானா இல்லையா? கேட்டான். அப்படியானால் எடுத்தது யார்? வழக்கு முடிந்தது. அன்று சாயங்காலமே அவன் டீயில் இஞ்சி நின்றது. எல்லாருக்கும் பொதுவாகச் சொல்வதுபோல, ஆனால் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு, "எடுத்தவங்க திருப்பி வெச்சுப்போட்டா நாம் மனசுல ஒண்ணும் வெச்சுக்க மாட்டேனுங்" என்றாள். வம்சி, வேறு யாரையோ சொல்கிறாள் என்று நினைத்து, "ஆமாங்க்கா, வெச்சரோணும்" என்று தலையாட்டினான். திமிரைப் பார் என்று அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

கொங்கு நாட்டில் பொருள் களவு போனால் போலீசுக்குப் போகிறவர்கள் உண்டு, ஆனைமலை மாசாணியம்மனிடம் போகிறவர்கள் அதைவிட அதிகம். கோயிலில் காய்ந்த மிளகாயை அரைத்து நீதிக் கல்லில் பூசிவிட்டு வந்தால், எடுத்தவன் உடம்பு எரியும், பொருள் தானாக வந்து சேரும். வந்து சேர்ந்தபின் மிளகாயைக் கழுவி எண்ணெய்க் காப்பு செய்து ஆத்தாளைக் குளிர வைக்க வேண்டும். நகைக்கும் மாட்டுக்கும் நிலத்துக்கும் அரைத்தவர்கள் உண்டு. பாக்டீரியாவுக்கு அரைத்தவள் பழனாத்தாள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

"ஏ பழனா, ஆத்தாளுக்குப் பாக்டீரியான்னா என்னன்னு தெரியுமா?" என்று நஞ்சுண்டன் லேத்தை நிறுத்தாமலேயே கத்தினார்.

"அம்மையக் குடுக்கறவளும் எடுக்கறவளும் அவதான? ஒங்குளுக்கும் எனக்கும் மின்னாடியே அவளுக்குத் தெரியும். சோலியப் பாருங்க!"

வெள்ளிக்கிழமை லீவு போட்டாள். போகிற போக்கில் லேபுக்குப் போய், ஃபிரிட்ஜ் மூலையில் இருந்த போசியையும் எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். ஆனைமலை போகிறோம், ஆயுத பூசைப் பூவையும் ஆற்றில் விட்டுவிட்டு வந்தால் ஒரு வேலை முடியும் அல்லவா? உக்கடத்தில் பஸ் ஏறி, பொள்ளாச்சியில் மாறி, பத்து மணிக்கெல்லாம் கோயிலில் இருந்தாள்.

பதினொரு மிளகாய். கோயில் அம்மியில் குனிந்து, தோளில் பை தொங்கத் தொங்க அரைத்தாள். மூக்கு ஒழுகியது. விழுதை அள்ளிக் கல்லில் பூசிக் கையைக் கூப்பினாள்.

"ஆத்தா, எடுத்தது ஆருன்னு நாஞ் சொல்ல மாட்டேன். பேரு சொல்லிப் பழி போடறது பாவம். உனக்கே தெரியும். எடுத்த ஒடம்பு எரியோணும், அந்தப் புள்ளயோட டியூபு திரும்பி வரோணும். அதுக்காக ரொம்ப எரிச்சுப்போடாத தாயே, படிக்கிற பையன். சுள்ளுன்னு ஒருக்கா எரிஞ்சாப் போதும்."

மனசு லேசாகிவிட்டது. ஆற்றங்கரைக்கு நடந்தாள். படியில் உட்கார்ந்து போசியின் மூடியைத் திறந்தாள். சாமந்தி சருகாகியிருந்தது, வெற்றிலை கறுத்திருந்தது, சந்தனம் கட்டி தட்டியிருந்தது. தண்ணீருக்கு மேலே போசியைச் சாய்த்துத் தட்டினாள்.

'ணங்' என்றது.

பூவும் வெற்றிலையும் கண்ணாடிச் சத்தம் போடாது. பழனாத்தாள் போசியை மடியில் கவிழ்த்தாள். சருகோடு சருகாக, சந்தனம் அப்பிக்கொண்டு ஒரு டியூப் வந்து விழுந்தது. முந்தானையால் துடைத்தாள். நந்திதாவின் கோழிக் கிறுக்கல்: 27. உள்ளே திருநீறு தூவினாற்போல வெள்ளை. போனபோது இருந்ததைவிடக் கொழுத்து, டியூப் நெடுக ஏறியிருந்தது.

எல்லாம் ஞாபகம் வந்தது. ஆயுத பூசையன்று சாமிக்கு எந்த டியூபை வைப்பது என்று ரேக்கின்முன் நின்றது. முக்கியமானதை எடுத்து ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால் என்ன செய்வது என்று பயந்து, வேண்டாதது என்று மேடம் சொன்ன வெள்ளையில் ஒன்றை எடுத்தது. எல்லாம் ஒண்ணுதானே, எது வைத்தால் என்ன? மறுநாள் எடுத்த இடத்தில் வைத்ததாகத்தான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். பத்து வருஷமாக வைத்த பழக்கம், பதினோராவது வருஷமும் வைத்துவிட்டதாக மனசு முடிவு கட்டிவிட்டது. அன்று பார்த்து ஊரிலிருந்து ஒறம்பரை சனம் வந்துவிட்டார்கள் என்று போன் வர, தட்டத்தில் இருந்ததையெல்லாம் வெசயாக அள்ளிப் போசிக்குள் போட்டுவிட்டு ஓடியிருக்கிறாள்.

கண்ணில் தண்ணீர் முட்டியது. புறங்கையால் துடைத்திருந்தால் பிழைத்திருப்பாள். மிளகாய் அரைத்த உள்ளங்கையால் இரண்டு கண்ணையும் சேர்த்துத் தேய்த்தாள்.

"ஐயோ ஆத்தாஆஆ!"

துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். எடுத்தவன் உடம்பு சுள்ளென்று எரிய வேண்டும் என்று விண்ணப்பம் போட்டு முழுசாகக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. எந்தக் கோர்ட்டில் இத்தனை சுருக்காகத் தீர்ப்பு வரும்? ஒரு கையில் டியூபைத் தூக்கிப் பிடித்தபடி, இன்னொரு கையால் ஆற்றுத் தண்ணீரை அள்ளி அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டாள். எரிச்சலோடு சிரிப்பும் வந்தது. பூவையும் வெற்றிலையையும் ஆற்றோடு விட்டாள்.

அடுத்த கவலை உடனே வந்தது. மணி பதினொன்று, வெயில் ஏறுகிறது. ஃபிரிட்ஜில் குளுகுளுவென்று இருந்த உயிர். கோயமுத்தூர் போய்ச் சேர இரண்டரை மணி நேரம். இரண்டு மாசமாகச் சாகாததை இன்றைக்குக் கொண்டுபோய் பஸ்ஸில் வேகவிடுவதா? திரும்பக் கோயிலுக்குப் போய் மிளகாயைக் கழுவக்கூட நேரமில்லை. கோபுரத்தைப் பார்த்து, "எரியறது எனக்கே எரியட்டும் தாயே, அப்பறமா வாரேன்" என்று சொல்லிவிட்டு ஓட்டமும் நடையுமாய் ஊருக்குள் வந்தாள்.

பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஜபருல்லா பாயின் மீன் வண்டி. சிவந்த கண்ணும் வீங்கின மூக்குமாய் வந்து நின்றவளைப் பார்த்து அவர் பதறிப்போனார்.

"என்னம்மா, ஊட்டுல ஏதாச்சும் கெட்ட சேதிங்களா?"

"இல்லீங் பாய், மொளகா. கொஞ்சம் ஐஸ் வேணுங்க."

"மீனு?"

"மீன் வேண்டாங்க. இதுக்குத்தானுங்க ஐஸ்." டியூபைக் காட்டினாள். "நாளைக்கு மருந்தானாலும் ஆகும். கடலுக்கடியில பொறந்துது, வெயிலு ஆகாது."

ஜபருல்லா டியூபைத் தூக்கிப் பார்த்தார், பழனாத்தாளைப் பார்த்தார். "கடல்ல பொறந்துதுங்களா? அப்ப நம்ம ஐஸு அதுக்கு ஒத்துக்கும்" என்று, டியூபைப் பாலித்தீன் பையில் இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டி, போசியில் வைத்து, வாய் வரைக்கும் ஐஸை உடைத்துக் கொட்டிக் கொடுத்தார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. மீன் நாற்றத்துக்குப் பக்கத்து சீட்டில் யாரும் உட்காரவில்லை. அதுவும் நல்லதுதான், யோசிக்க இடம் கிடைத்தது. கிணத்துக்கடவு வந்தபோது ஒரு யோசனை எட்டிப் பார்த்தது. இந்த டியூபை அப்படியே கொண்டுபோய் இருபத்தாறுக்கும் இருபத்தெட்டுக்கும் நடுவில் செருகிவிட்டால் என்ன? நாளைக்கு நந்திதாவே பார்ப்பாள், குதிப்பாள். பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை, சும்மா இருந்தாலே போதும். பதினோரு வருஷத்தில் ஒரு டியூப் தொலைந்ததில்லை என்று பஸ்ஸில் சொல்லிக்கொண்டே இருக்கலாம். வம்சிக்கும் திங்கட்கிழமையிலிருந்து இஞ்சி போட்டுவிடலாம். யாருக்கு என்ன நஷ்டம்?

கணக்கு எல்லாம் சரியாகத்தான் வந்தது. ஆனால் அந்தப் பையன் தலையாட்டிய முகம் கண்ணுக்குள் வந்து நின்றுகொண்டது. எவளோ அறுத்த நூலுக்குத் தான் திட்டு வாங்கி நின்ற நாளெல்லாம் ஞாபகம் வந்தது. ஒருத்தி பேரும் தெரிந்துகொள்ளாத சூப்பர்வைசரைப் பதினெட்டு வருஷம் மனசுக்குள் வைதவள், இப்போது தானே சூப்பர்வைசராகி ஒரு பையனை ஒன்பது நாள் வெறும் டீ குடிக்க வைத்திருக்கிறாள். அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மடியில் இருந்த போசியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

இரண்டு மணிக்கு லேபில் கீதா, நந்திதா, வம்சி மூவரையும் கூப்பிட்டு நிற்க வைத்தாள். போசியை மேசைமேல் வைத்தாள். ஐஸுக்குள்ளிருந்து இருபத்தேழு வெளியே வந்தது.

"எடுத்தது நாந்தானுங்க" என்று ஆரம்பித்து, சாமிக்கு வைத்தது, போசியில் அள்ளிப் போட்டது, மிளகாய் அரைத்தது, கண் எரிந்தது, கிணத்துக்கடவில் வந்த யோசனை வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னாள். "வேண்டாத டியூபுதான, எல்லாம் ஒண்ணு மாதிரிதான்னு எடுத்துப்போட்டேன். நானூறு பேர்த்துல ஒரு நீலக்கோட்டா நின்னவ நானு. எனக்கே தெரியலீங்களே" என்று டியூபை நந்திதாவிடம் நீட்டினாள்.

நந்திதா டியூபை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ரெண்டு மாசமா நாம் பால் எடுக்கற ஃபிரிட்ஜுலயா இருந்துச்சு?" என்றாள். அப்புறம்தான் அழுதாள். அழுதுகொண்டே பழனாத்தாளைக் கட்டிக்கொண்டாள்.

வம்சிக்கு மெள்ளத்தான் விளங்கியது. "அக்கா, அப்ப எனக்கு இஞ்சி வராதது..."

"ஆமாங் கண்ணு."

"எனக்குத்தான் மொளகா அரைச்சீங்களா?"

"பேரு சொல்லலீங் சாமி. ஆத்தாளுக்கே தெரியும்னு உட்டுப்போட்டேன்."

"அவங்களுக்குக் கரெக்டாத்தானுங்க்கா தெரிஞ்சிருக்குது!" என்று அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அன்று அவனுக்கு வந்த டீயில் பாதிக்குப் பாதி இஞ்சி. பக்கத்தில் ஆறு முறுக்கு.

கீதா மட்டும் சிரிக்கவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு, எந்தத் தேதியிலிருந்து எங்கே இருந்தது, கூட என்னென்ன இருந்தது, மூடி தளர்ந்திருந்ததா என்று வக்கீல் மாதிரி கேட்டு எழுதினார். எழுதிமுடித்துத்தான், "நீங்க சும்மா ரேக்குல வெச்சிருந்தீங்கன்னா பெரிய வம்பாயிருக்கும்க்கா" என்றார். ஏன் என்று பொங்கலுக்கு முன்னால் தெரிந்தது. டியூபிலிருந்து புதுத் தட்டில் தடவினதும் வழவழவென்று மஞ்சளாய் ஒன்று படர்ந்தது. சந்தனத்தோடு உள்ளே புகுந்த உள்ளூர்ப் பாக்டீரியா. விஷயம் தெரியாமல் இருந்தால் இருபத்தேழு செத்துப்போயிற்று என்று எல்லாவற்றையும் குக்கரில் போட்டிருப்பார்கள். தெரிந்ததால், இரண்டும் தனித்தனியாகப் பிரிந்து வளரட்டும் என்று இருபது தட்டில் மெல்லிசாக இழுத்துவிட்டுக் காத்திருந்தார்கள்.

காத்திருந்த அந்த வாரங்களில் பழனாத்தாள் பட்ட பாடு சொல்லி மாளாது. காலையில் வந்ததும் கோல்டு ரூம், போகும்போதும் கோல்டு ரூம். தட்டைத் தொடமாட்டாள், எட்டி நின்று பார்ப்பாள். வீட்டில் சோறு பரிமாறும்போதும் முகம் பொக்கென்று வாடித்தான் இருக்கும். "வடதுருவத்துல எல்லாரும் சவுக்கியமா?" என்று நஞ்சுண்டன் கேட்டால் மட்டும் கரண்டி ஓங்குவாள். ஐந்தாவது வாரம், ஒரு புதன்கிழமை, பதினேழாவது தட்டின் ஓரத்தில் கடுகளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. அவள் போட்ட கூச்சலில் மாடியிலிருந்தவர்கள் தீ விபத்து என்று நினைத்து இறங்கி ஓடிவந்தார்கள். டிஎன்ஏ எடுத்துப் பழையதோடு ஒப்பிட்டார்கள். எழுத்துக்கு எழுத்து இருபத்தேழேதான். மருந்தாகுமா ஆகாதா என்பது இனிமேல்தான் தெரியும், வருஷக்கணக்கில் வேலை இருக்கிறது. ஆனால் உயிரோடு இருக்கிறது, சுரக்கிறது. கீதா அன்றைக்கே, ஒரே மாதிரி இருக்கிறது என்று பார்த்து எதையும் எறியக்கூடாது என்று எழுதிக் கதவில் ஒட்டினார்.

மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை எல்லாருமாக ஆனைமலைக்குப் போனார்கள். நஞ்சுண்டனும் லேத்தை நிறுத்திவிட்டு வந்தார். நல்லெண்ணெய்த் தூக்கைப் பழனாத்தாள் யார் கையிலும் கொடுக்கவில்லை.

"கேட்டது கெடைச்சுதுங்களா?" என்றார் பூசாரி.

"கெடைச்சுதுங்க."

"எடுத்த ஆளு?"

வம்சி மேலே விளக்கைப் பார்த்தான். நந்திதா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எடுத்த ஆளுதானுங்க எண்ணெ கொண்டாந்திருக்குது."

பூசாரி எத்தனையோ பேரைப் பார்த்தவர், முகம் மாறாமல் வாங்கிக்கொண்டார். கல்லைக் கழுவி எண்ணெய் சாத்தி, ஆத்தாள் குளிர்ந்தாள். பிறகு அர்ச்சனைத் தட்டை எடுத்துக்கொண்டு, "ஆரு பேருக்குங்க?" என்று கேட்டார்.

"மொதல்ல வம்சிங்க. இந்தப் பையன்தான். நல்லாச் சத்தமாச் சொல்லுங்க, எல்லாருக்கும் கேக்கோணும்."

சொன்னார். "அப்பறம்?"

பழனாத்தாள் இடுப்பிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்தாள். "அப்பறம் பத்தொம்பது இருக்குதுங்க. பேரு இன்னும் வெக்கல, நம்பருதான்."

பூசாரி காகிதத்தை எட்டிப் பார்த்தார். பின்னால் வரிசை வாசல் வரைக்கும் நின்றது. "எல்லாம் ஒரே ஊட்டுதுதானுங்களே? ஒண்ணாச் சேத்துச் சொல்லிப்போடறனே?"

"பாக்கத்தானுங் சாமி ஒண்ணு மாதிரி" என்றாள் பழனாத்தாள், நகராமல். "ஒவ்வொண்ணாச் சொல்லுங்க."